340 முட்டைகள்: எத்தனையை வளர்ப்பது?

பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி ஒருவர் நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். விஷயம் இதுதான். ஒன்றரை வருடத்துக்கு முன் தன் 11 வயது மகளுக்காக இரண்டு ஆக்சலாட்டல் குட்டிகளை வாங்கினார். வாழ்நாள் முழுக்கத் தண்ணீரிலேயே, தலையின் இரு பக்கமும் இறகு போன்ற செவுள்களோடு இருக்கும் சாலமாண்டர் இது. ஒன்று கரும்பழுப்பு, மற்றது பொன்மஞ்சள். இரண்டுமே பெண், ஒரே தாயின் குஞ்சுகள் என்று விற்றவர் சொல்லியிருக்கிறார். போன திங்கட்கிழமை காலை விளக்கைப் போட்டால் செடி இலை, ஃபில்டர் குழாய், கண்ணாடி என்று எங்கு பார்த்தாலும் முட்டை. 340 வரை எண்ணிவிட்டு நிறுத்திவிட்டார்கள். மகள் அதில் ஏழுக்குப் பெயரும் வைத்துவிட்டாள்.

முட்டைகள் வெள்ளையாக இருக்கின்றனவே, கெட்டுப்போனவையா என்பது வாசகியின் முதல் கேள்வி. எல்லாவற்றையும் வளர்த்து விற்றால் தொட்டிக்கான செலவாவது கைக்கு வரும் என்கிறார் கணவர். மிஞ்சுவதைக் குளத்தில் விட்டுவிடலாம், அழிந்துவரும் இனம்தானே, நல்ல காரியமாகப் போகும் என்கிறார் ஒரு உறவினர். தண்ணீரில் அயோடின் சொட்டுவிட்டால் அவை தரையில் நடக்கும் சாலமாண்டராக மாறிவிடும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். வெயில் காலத்தில் தொட்டித் தண்ணீர் 26 டிகிரி வரை போகிறது, ஐஸ் கட்டி போட்டுச் சமாளிக்கிறோம் என்கிறார். இவற்றோடு, சாலமாண்டரின் உறவான சிவப்பு வயிற்று நியூட் ஜோடி ஒன்றையும் துணைக்கு அதே தொட்டியில் விட ஆசையாம்.

அன்புச் சகோதரி,

முட்டை விஷயத்தில் நாள் கணக்கு முக்கியம் என்பதால், உங்கள் கடிதம் கிடைத்த அன்றே நாலு வரியில் பதில் அனுப்பிவிட்டேன். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் நிறத்தைப் பற்றி. உங்கள் பொன்மஞ்சள்தான் தாய். அது அல்பினோ, அதாவது உடம்பில் கருநிறமி இல்லாத வகை. அப்படிப்பட்ட தாய் இடும் முட்டையில் கருநிறம் இருக்காது, அதனால் கரு சேர்ந்திருந்தாலும் வெள்ளையாகவே தெரியும். கரும்பழுப்புத் தாயாக இருந்தால் மிளகு போலக் கறுத்திருக்கும். நிறத்தை வைத்து உயிர் இருக்கிறதா என்று சொல்ல முடியாது, வடிவத்தைத்தான் பார்க்க வேண்டும். உயிருள்ளது முதல் மூன்று நாளுக்குள் உருண்டை வடிவம் மாறி, வளைந்த அரிசி போல நீள ஆரம்பிக்கும். கரு சேராதது கலங்கிப்போய், ஓரத்தில் பஞ்சு போலப் பூஞ்சை பிடிக்கும். அதை உடனே எடுத்துவிடுங்கள், பக்கத்து முட்டைக்கும் பரவும். குஞ்சுகளில் சில பிறகு கறுத்தால் ஆச்சரியப்பட வேண்டாம், அது தகப்பன் வழி வந்த நிறம்.

ஆமாம், உங்கள் கரும்பழுப்பு ஆண். குட்டியாக இருக்கும்போது பார்த்து ஆணா பெண்ணா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. வாலடியில் கழிவுத் துளையைச் சுற்றி ஆணுக்கு வரும் வீக்கம், ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள்தான் தெளிவாகத் தெரியும். அதனால் விற்றவர் ஏமாற்றினார் என்று நான் நினைக்கவில்லை. முட்டைக்கு ஓரிரு நாள் முன்பு தொட்டியின் தரையில் சின்னக் கூம்பு கூம்பாக, நுனி மட்டும் வெளுத்த ஜெல்லித் துணுக்குகள் கிடந்திருக்கும். ஆண் விட்டுவைக்கும் விந்துப் பொதிகள் அவை. பெண் அவற்றின் மேல் நகர்ந்து உள்ளே எடுத்துக்கொள்ளும். இரண்டும் கட்டிப்பிடிப்பதை நீங்கள் பார்க்காததில் வியப்பில்லை.

எத்தனை வேண்டும் என்பதுதான் முதல் கேள்வி

எப்படிப் பொரிக்க வைப்பது, என்ன கொடுப்பது என்று இரண்டு பக்கம் கேட்டிருக்கிறீர்கள். பொரிக்க வைப்பதில் ஒரு கஷ்டமும் இல்லை. 18 முதல் 20 டிகிரித் தண்ணீரில் வைத்தால், இரண்டு மூன்று வாரத்தில் தானாகப் பொரித்துவிடும். கஷ்டம் அதற்கப்புறம்தான்.

சில வருடத்துக்கு முன் ஒரு கல்லூரி மாணவர் ஐஸ்கிரீம் டப்பா ஒன்றை மடியில் வைத்தபடி என் அறை வாசலில் உட்கார்ந்திருந்தார். உள்ளே அறுபதுக்கு மேல் குஞ்சுகள், ஒவ்வொன்றும் சுண்டுவிரல் நகத்தின் இரண்டு மடங்கு நீளம் இருக்கும். ஒரு முட்டையைக்கூட விட மனமில்லாமல் அத்தனையையும் வளர்த்தவர். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். நான்கு காலும் முழுசாக இருந்தவை ஒன்பது. மற்றவற்றுக்கு ஒரு கை இல்லை, அல்லது செவுள் ஒரு பக்கம் மொட்டை. ஒன்றுக்கு முன்கால் இரண்டுமே இல்லாமல், நீந்தப் பார்த்துப் பார்த்து ஒருக்களித்து விழுந்துகொண்டிருந்தது. அவர் கெட்டவர் இல்லை, அன்பு குறைந்தவரும் இல்லை. அறுபது வாய்க்கு ஈடுகொடுக்க அவரிடம் நேரமும் பாத்திரமும் இல்லை, அவ்வளவுதான்.

கால் போனாலும் திரும்ப முளைக்கும்தானே என்று நீங்கள் எழுதியிருப்பது உண்மைதான். ஆக்சலாட்டலுக்குக் கால், வால், செவுள் எல்லாம் திரும்ப வளரும். ஆனால் அது வளர வாரக்கணக்கில் ஆகும். அதுவரை அந்தக் குஞ்சு இரையைப் பிடிக்கத் திணறும், காயத்தில் பூஞ்சை ஏறும், பக்கத்தில் இருப்பது மறுபடியும் கடிக்கும். முளைக்கும் என்பதற்காகக் கடிபட விடக் கூடாது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 340-ல் 250 பொரித்தன என்று வைத்துக்கொள்வோம். முன்கால் வந்ததும் ஒன்றையொன்று கடிக்கத் தொடங்கும். அப்போது தனித்தனி டப்பாவில் பிரிக்க வேண்டும், தினமும் தண்ணீர் மாற்ற வேண்டும். டப்பாவுக்கு ஒரு நிமிடம் என்றாலும் தினம் நான்கு மணி நேரத்துக்கு மேல். இது வாரக்கணக்கில் நடக்க வேண்டும். அப்புறம் வளர்ந்தபின் ஒவ்வொன்றுக்கும் 75 லிட்டருக்குக் குறையாத தொட்டி, குளிர்ந்த தண்ணீர், பத்துப் பதினைந்து வருட ஆயுள். அதற்கு மனம் வந்து வாங்குபவர்கள் 250 பேர் எங்கே இருக்கிறார்கள்? விற்றுச் செலவை எடுக்கலாம் என்று உங்கள் கணவர் நினைப்பது இங்கேதான் இடிக்கும். தீவனம், டப்பா, மின்சாரம், உங்கள் உழைப்பு எல்லாம் சேர்த்தால் கை நஷ்டம்தான்.

அதனால் என் யோசனை: உறவிலும் நட்பிலும் உண்மையாகவே வளர்க்கத் தயாராக இருப்பவர்கள் யார் யார் என்று ஒரு தாளில் பெயர் எழுதுங்கள். பத்துப் பெயர் தேறினால், 15 அல்லது 20 முட்டையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சில பொரிக்காது, சில முதல் மாதத்தில் போய்விடும். மிச்சத்தை, உருண்டையாக இருக்கும் முதல் இரண்டு மூன்று நாளுக்குள், கொஞ்சம் தண்ணீரோடு மூடிய டப்பாவில் போட்டு ஃப்ரீஸரில் ஒரு நாள் முழுக்க வைத்துவிடுங்கள். அந்தப் பருவத்தில் நரம்பு மண்டலம் உருவாகியிருக்காது, வலி தெரியாது. அப்படியே சாக்கடையிலோ கழிப்பறையிலோ கொட்டாதீர்கள். ஒருவேளை நாள் தாண்டி அசைய ஆரம்பித்துவிட்டால் ஃப்ரீஸர் வழி கிடையாது. அப்போது விலங்கு மருத்துவர் மயக்க மருந்தின் மூலம் செய்ய வேண்டிய வேலை அது.

இதைப் படிக்கும்போது உங்களுக்கு நெஞ்சு கனக்கும் என்று தெரியும். இதைச் சொல்லி முடித்து எதிரே இருப்பவர் முகத்தைப் பார்ப்பது எனக்கும் சுலபமாக இருந்ததில்லை. ஆனாலும் முட்டையிலேயே குறைத்துக்கொண்டவர்களின் குஞ்சுகள்தான் நான்கு காலோடு வளர்வதைப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றும் யோசிக்க வேண்டும். இவை இரண்டும் உடன்பிறந்தவை. ஆய்வகங்களிலும் வீடுகளிலும் வளர்ந்துவரும் ஆக்சலாட்டல் வம்சத்தின் பெரும்பகுதி, 1864-ல் மெக்சிகோவிலிருந்து பாரிசுக்குக் கொண்டுபோன 34 விலங்குகளில் தொடங்கியது. ஏற்கெனவே குறுகிய இரத்தம். அதில் அண்ணன் தங்கையின் குஞ்சுகளைப் பரப்புவது நல்லதல்ல. நீங்கள் கொடுக்கும் வீட்டாரிடம் இதை மறைக்காமல் சொல்லி, இவற்றை இனப்பெருக்கத்துக்கு விட வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பொரித்த பிறகு

குஞ்சு வெளியே வரும்போது ஒரு செ.மீ.க்குச் சற்று மேல் இருக்கும். முதல் இரண்டு நாள் வயிற்றில் இருக்கும் கருவுணவே போதும், ஒன்றும் கொடுக்காதீர்கள். பிறகு உயிருள்ள இரை மட்டும்தான். வேகவைத்த முட்டை மஞ்சள் கரு கொடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள், வேண்டவே வேண்டாம். அசையாத எதையும் இந்த வயதில் அது உணவாகப் பார்க்காது. மஞ்சள் கரு தண்ணீரைக் கெடுப்பதோடு சரி. ஆர்டீமியா என்ற பொடி உப்புநீர் இறால் வகையின் முட்டைகளை உப்புத் தண்ணீரில், காற்று விட்டு, 25 முதல் 28 டிகிரியில் வைத்தால் ஒரு நாளில் ஆரஞ்சு நிறப் புள்ளிகளாகப் பொரிக்கும். மெல்லிய துணியில் வடித்து, நல்ல தண்ணீரில் அலசி, டிராப்பரால் குஞ்சின் மூக்குக்கு நேரே விடுங்கள். டாஃப்னியா என்ற பொடி நீர்ப்பூச்சி கிடைத்தால் அதுவும் நல்லது. குஞ்சு அசையாமல் கிடக்கும், ஒரு புள்ளி கண் முன்னே நகர்ந்ததும் தலையை வெடுக்கென்று திருப்பிக் கவ்வும். அரை மணி கழித்து வயிற்றைப் பார்த்தால், தோலின் வழியே ஆரஞ்சு நிறம் தெரியும். தெரிந்தால் சாப்பிட்டுவிட்டது என்று அர்த்தம். காலை மாலை இரண்டு வேளையும் இப்படித்தான். பின்கால் வந்து கொஞ்சம் பெரிதானதும் நறுக்கிய புழு, மென்மையான தீவன உருண்டை எல்லாம் மோப்பம் பிடித்துச் சாப்பிடப் பழகும்.

தண்ணீரில் கவனம். குழாய்த் தண்ணீரை ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் போய்விடும், ஆனால் குளோரமைன் கலந்த தண்ணீர் என்றால் அது போகாது. அதற்கான மருந்தைக் கலந்தே ஆக வேண்டும். பெரிய தொட்டியில் அமோனியாவும் நைட்ரைட்டும் சோதனையில் பூஜ்யமாக இருக்க வேண்டும். சாலமாண்டருக்குத் தோலும் ஒரு மூச்சுக் குழல் மாதிரி, தண்ணீரில் இருப்பதெல்லாம் உடம்புக்குள் போகும். மீனுக்கு விற்கும் மருந்துகளைக் கேட்காமல் ஊற்றாதீர்கள். செம்பு கலந்தவை இவற்றைக் கொன்றுவிடும்.

வெயில், ஐஸ் கட்டி

முட்டையைவிட எனக்கு அதிகக் கவலை தந்தது இதுதான். ஆக்சலாட்டலுக்கு 16 முதல் 18 டிகிரி சுகம். 20 வரை பரவாயில்லை. 24-ஐத் தாண்டினால் உடம்பு தளர ஆரம்பிக்கும். இரை எடுக்காமல் இருப்பது, செவுள் முன்பக்கமாகச் சுருள்வது, வால் நுனி கொக்கி போல வளைவது, செவுளில் வெள்ளைப் பஞ்சு பிடிப்பது என்று அறிகுறிகள் வரும். இவற்றில் ஏதாவது போன கோடையில் பார்த்தீர்களா? பார்த்திருந்தால் இந்த முறை காத்திருக்க வேண்டாம்.

ஐஸ் கட்டி போட்டதும் வெப்பம் சட்டென்று இறங்கி, உருகியதும் மறுபடி ஏறும். இந்த ஏற்ற இறக்கமே ஒரு துன்பம். கட்டியோடு சேர்ந்து குளோரினும் உள்ளே போகும். தண்ணீரின் மேல் பரப்பில் காற்று படும்படி சின்ன மின்விசிறி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆவியாகும் அளவுக்குத் தண்ணீர் ஊற்றி வாருங்கள். அதுவும் போதாவிட்டால் தொட்டித் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் கருவி வாங்கத்தான் வேண்டும். அவசரத்துக்கு, தண்ணீர் நிரப்பி உறையவைத்த மூடிய பாட்டிலை மிதக்க விடலாம். குஞ்சு விற்று வரும் பணத்தை நினைப்பதைவிட, சில்லருக்குப் பணம் சேர்ப்பதைப் பற்றி உங்கள் கணவரிடம் பேசுங்கள்.

அயோடின் யோசனையை இன்றோடு மறந்துவிடுங்கள். 1865-ல் பாரிசில் பிறந்த குஞ்சுகளில் சில செவுளை இழந்து தரைக்கு ஏறியதைப் பார்த்து விஞ்ஞானிகளே திகைத்தார்கள் என்பது உண்மை. தைராய்டு ஹார்மோன் தந்தால் இந்த உருமாற்றத்தை வரவழைக்கலாம் என்பதும் உண்மை. ஆனால் வீட்டில் சொட்டுக் கணக்கில் செய்து பார்த்தால் பெரும்பாலும் கிடைப்பது செத்த விலங்கு. பிழைத்தாலும் ஆயுள் குறையும். ஆக்சலாட்டல் அரைகுறையாக வளர்ந்த விலங்கு அல்ல, தண்ணீரில் இருப்பதுதான் அதன் முழு வளர்ச்சி.

குளத்தில் விடுவது

உங்கள் உறவினர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருக்கிறார். ஆக்சலாட்டல் மிக ஆபத்தான நிலையில் இருக்கும் இனம் என்பதும் சரி. அது இயற்கையாக மிஞ்சியிருப்பது மெக்சிகோ நகரத்தின் தென்பகுதியில் உள்ள சோச்சிமில்கோ கால்வாய்களில்தான். அங்கே 1998-ல் சதுர கிலோமீட்டருக்கு 6,000 என்று கணக்கிடப்பட்டது, 2014-ல் 36 ஆகிவிட்டது. அது எப்படி அழிந்தது என்று அவரிடம் சொல்லுங்கள். தண்ணீர் கெட்டது ஒரு காரணம். இன்னொன்று, மக்களுக்கு உணவாகும் என்று நல்ல எண்ணத்தில் அங்கே விடப்பட்ட கெண்டையும் திலாப்பியாவும். வெளியிலிருந்து வந்த மீன்கள் முட்டையையும் குஞ்சையும் தின்றன. அதே காரியத்தை நாம் வேறொரு குளத்தில், அங்கிருக்கும் தவளைக்கும் மீனுக்கும் செய்ய வேண்டுமா? வீட்டு ஆக்சலாட்டலை விட்டால் காட்டு இனமும் பெருகாது. 1962-ல் புலிச் சாலமாண்டரோடு கலப்பு செய்துதான் அல்பினோ நிறமே ஆக்சலாட்டலுக்கு வந்தது. உங்கள் பொன்மஞ்சளின் வம்சம் சுத்தமான காட்டு வம்சம் இல்லை.

நோய்தான் இதைவிடப் பெரிய பயம். நெதர்லாந்தில் தீச் சாலமாண்டர்களைக் கிட்டத்தட்டத் துடைத்துப்போட்ட ஒரு தோல் பூஞ்சையை 2013-ல் அடையாளம் கண்டார்கள். ஆசியாவில் தோன்றியது, வளர்ப்பு விலங்கு வணிகத்தின் வழியாகப் போயிருக்கும் என்பது ஆய்வாளர்களின் முடிவு. அதைப் பார்த்துத்தான் 2016-ல் அமெரிக்கா 201 சாலமாண்டர் இனங்களின் இறக்குமதிக்குக் கடிவாளம் போட்டது. விலங்கை மட்டுமல்ல, தொட்டித் தண்ணீரையும் செடியையும்கூடக் குளத்திலோ வாய்க்காலிலோ கொட்டாதீர்கள்.

சட்டம் இடத்துக்கு இடம் மாறும். கலிஃபோர்னியாவில் ஆக்சலாட்டலை வீட்டில் வைத்திருப்பதற்கே தடை. அழியும் உயிரினங்களின் வணிகம் பற்றிய சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாவது பட்டியலில் இது இருப்பதால், ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போக அனுமதிச் சீட்டு வேண்டும். நீங்கள் ஒரு குஞ்சைக்கூட விற்பதற்கோ இனாமாகத் தருவதற்கோ முன், உங்கள் பகுதியின் வனவிலங்குத் துறையில் விதி என்ன என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் முடியாது என்றால் முடியாதுதான்.

நியூட் ஜோடி

ஆசை புரிகிறது, அழகான உயிர். ஆனால் அதே தொட்டியில் கூடாது. சிவப்பு வயிற்று நியூட்டின் தோலில் இருப்பது டெட்ரோடோடாக்சின், பஃபர் மீனில் இருக்கும் அதே விஷம். ஆக்சலாட்டலோ வாய்க்கு எட்டும் எதையும் விழுங்கிப் பார்க்கும். அந்த ஒரு விழுங்கலில் இரண்டும் போய்விடலாம்.

தனித் தொட்டியில் வளர்த்தாலும் நியூட்டின் வழி வேறு. குளிர்காலம் என்ற ஒன்றை உணர்ந்தால்தான் முட்டைக்குத் தயாராகும். பெண் ஒவ்வொரு முட்டையாக இட்டு, பின்காலால் இலையை மடித்து ஒட்டிவைக்கும். அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் நேரம் போவதே தெரியாது. குஞ்சு சில மாதம் தண்ணீரில் இருந்து, செவுள் சுருங்கித் தரைக்கு ஏறும். அப்போது ஏற இடம் இல்லாவிட்டால் மூழ்கியே செத்துப்போகும். அப்புறம் ஒரு வருடத்துக்கும் மேல் ஈரப் பாசியில், பழ ஈ அளவு இரை தின்று வாழும். இந்த முட்டைகளின் கதை முடிந்து, சில்லரும் வந்த பிறகு இதை யோசிக்கலாம்.

இப்போதைக்கு அவசரம், ஆணையும் பெண்ணையும் பிரிப்பது. வேறு தொட்டியில்தான், ஒரே தொட்டியில் வலை கட்டுவது போதாது. இத்தனை முட்டையிட்ட பெண் மெலிந்திருப்பாள், மண்புழு கொடுத்துத் தேற்றுங்கள். சேர்த்தே விட்டால் சில வாரத்தில் மறுபடி முட்டை வரும், அவள் உடம்பு தாங்காது. பிரித்தபின் ஒருமுறை முட்டையிட்டாலும் பதற வேண்டாம், உள்ளே தங்கிய விந்தால் அப்படி நடக்கும்.

மகளிடம் பொய் சொல்லாதீர்கள். 11 வயதுப் பிள்ளைக்குப் புரியும். அவள் பெயர் வைத்த ஏழும் நன்றாக வளர்ந்துகொண்டிருந்தால் வைத்துக்கொள்ளும் இருபதில் சேர்த்துவிடுங்கள். மிச்சத்தை ஏன் வளர்க்கவில்லை என்று கேட்டால், மேலே நான் போட்ட டப்பாக் கணக்கை அவளையே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு நோட்டும் பென்சிலும் கொடுங்கள். தவளைத் தலைப்பிரட்டைக்குப் பின்கால்தான் முதலில் முளைப்பது தெரியும், ஆனால் சாலமாண்டர் குஞ்சுக்கு முன்கால்தான் முதலில் வரும். செவுளுக்குக் கீழே ஒரு சின்ன மொட்டாகத் தெரியும் அந்த நாளின் தேதியை அவள் குறித்துவைக்கட்டும். அன்றைக்கே குஞ்சுகளைத் தனித்தனி டப்பாவுக்கு மாற்றிவிட்டு, எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.